யோகோஹாமாவில் எது அந்த ஊர் பீர்?

இரண்டு வார அலுவலக வேலையாக இலையுதிர் காலத்தில் யோகோஹாமா செல்லவிருக்கும் நீங்கள், "அங்கே சிற்றாலைகளில் காய்ச்சும் கிராஃப்ட் பீர் பிரபலம் என்கிறார்கள், நல்ல கடைகளாக நாலைந்து சொல்லுங்கள், எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது, சைவம், அளவோடுதான் குடிப்பேன்" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைப் பெயர்களைக் கைபேசி வரைபடமே தந்துவிடும். உங்கள் உண்மையான கேள்வி கடைசி வரியில் இருப்பதாக எனக்குப் படுகிறது: "ஒவ்வொரு கடையிலும் இருபது முப்பது குழாய் இருக்குமாமே, அதில் எது அந்த ஊரில் காய்ச்சியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" அதற்கே பதில் எழுதுகிறேன். நான் நொதித்தல் தொழில்நுட்பம் படித்தவன், உணவுத் தர ஆய்வில் வேலை பார்ப்பவன், பதினோரு ஆண்டுகளாக யோகோஹாமாவில் குடியிருப்பவன். பீர் காய்ச்சுபவன் அல்லன். 1 சதவீதமோ அதற்கு மேலோ ஆல்கஹால் உள்ள எதையும் உரிமமின்றி வீட்டில் தயாரிப்பது இந்நாட்டில் குற்றம் என்பதால், பொழுதுபோக்காகக்கூட ஒரு பானை வைத்துப் பார்த்ததில்லை. ஆகவே வாசனை, பழுது, புத்துணர்ச்சி பற்றி நான் சொல்வதைத் தொழில் அறிவாகவும், எது சுவை என்று சொல்வதை ஒரு வாடிக்கையாளனின் விருப்பமாகவும் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊருக்கும் பீருக்கும் உள்ள உறவு விளம்பரத்துக்காகச் சொல்லப்படுவதன்று. 1859இல் துறைமுகம் திறக்கப்பட்டபோது, அந்தப் பகுதிக்குள் நுழையும் வழிகளில் சோதனைச் சாவடி வைத்தார்கள். சாவடிக்கு உட்புறம் என்று பொருள்படும் 'கன்னாய்' என்ற பெயர் இன்றும் ரயில் நிலையத்தின் பெயராக நிற்கிறது. நீங்கள் பீர் தேடி அலையப்போவது பெரும்பாலும் அந்தக் கன்னாயைச் சுற்றித்தான். நார்வேயில் பிறந்து அமெரிக்கரான வில்லியம் கோப்லாண்ட் என்பவர் 1870 வாக்கில், வெளிநாட்டவர் வசித்த யமாதே குன்றுப் பகுதியில் ஊற்றுநீர் கிடைத்த ஓரிடத்தில் ஸ்பிரிங் வேலி என்ற பீர் ஆலையைத் தொடங்கினார். அதுவே ஜப்பானின் முதல் பீர் ஆலை என்று பல இடங்களில் படிப்பீர்கள். அது அவ்வளவு உறுதியானதன்று; அதே குன்றில் ரோசன்ஃபெல்ட் என்பவர் 1869இலேயே ஓர் ஆலை நடத்தியதாகக் குறிப்புகள் உண்டு. ஆனால் தடம் பதித்தது கோப்லாண்டின் ஆலை என்பதில் ஐயமில்லை. அது 1884இல் மூடப்பட, அடுத்த ஆண்டே அதே நிலத்தில் ஜப்பான் ப்ரூவரி என்ற புதிய நிறுவனம் எழுந்து, 1888இல் 'கிரின்' என்ற பெயரில் பீரை விற்பனைக்கு விட்டது. நீங்கள் விமானத்திலேயே குடித்துவிடக்கூடிய அந்த கிரின்தான். 1923ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் குன்றிலிருந்த ஆலை அழிந்தது. 1926இல் நமாமுகி என்ற இடத்தில் புதிய ஆலை கட்டினார்கள். நமாமுகி என்று எழுதப்படும் எழுத்துகளுக்கு நேர்ப்பொருள் 'பச்சை வாற்கோதுமை'. பீர் ஆலைக்காக வைத்த பெயர் போலத் தோன்றும். ஆனால் ஊர்ப்பெயர் ஆலையைவிட மிகப் பழையது.

அத்தனை பழைய ஊரில் சிறிய ஆலைகள் மட்டும் ஏன் இவ்வளவு தாமதமாக வந்தன என்பதற்கு விடை உரிமச் சட்டத்தில் இருக்கிறது. 1994 வரை, ஆண்டுக்கு 20 லட்சம் லிட்டர் காய்ச்ச முடிந்தவருக்கே பீர் உரிமம் கிடைக்கும். அதாவது பெருநிறுவனங்களைத் தவிர வேறு யாரும் உள்ளே வர முடியாது. அந்த ஆண்டு செய்த திருத்தம் வரம்பை 60,000 லிட்டராகக் குறைத்தது. உடனே நாடெங்கும் 'ஜி-பீரு' என்ற பெயரில், அதாவது மண்ணின் பீர் என்ற பெயரில், நூற்றுக்கணக்கான சிற்றாலைகள் முளைத்தன. சுற்றுலா ஊர்களில் மிட்டாய் டப்பாவுக்குப் பக்கத்தில் அடுக்கி விற்ற பரிசுப்பொருள் பீராகவே அதில் பெரும்பகுதி இருந்தது. விலை அதிகம், தரம் சுமார், ஆகவே அலை ஓய்ந்தபோது பலர் கடையை மூடினார்கள். தாக்குப்பிடித்தவர்களும் அவர்களிடம் தொழில் கற்றுத் தனியே கிளம்பியவர்களும்தான் பின்னர் 'கிராஃப்ட்' என்ற சொல்லோடு மறுபடி எழுந்தார்கள். பழைய சொல்லின் மேல் படிந்த கெட்ட பெயரைத் துடைப்பதற்காகவே புதிய சொல்லுக்கு மாறினார்கள் என்பது என் கணிப்பு.

சட்டத்தின் இன்னொரு விளைவையும் தெரிந்துகொண்டால் லேபிளைப் பார்த்து ஏமாற மாட்டீர்கள். 'ஹப்போஷு' என்றொரு வகை உண்டு. பெருநிறுவனங்கள், முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டைக் குறைத்து, வரியை மிச்சம் பிடித்து, மலிவாக விற்ற பானத்தின் வகைப்பெயர் அது. ஆகவே அதைக் கண்டாலே பலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் அந்த வகை உரிமத்துக்கு ஆண்டுக்கு 6,000 லிட்டர் காய்ச்சினால் போதும், மாதம் 500 லிட்டர்தான் என்பதால், நகரத்துச் சந்துகளில் இடம் பிடித்த மிகச் சிறிய ஆலைகள் பலவும் அதைத்தான் வாங்குகின்றன. மேலும் 2018 ஏப்ரல் வரை கொத்துமல்லி விதையோ பழமோ சேர்த்த பீர், மால்ட் எவ்வளவு நிறைந்திருந்தாலும், சட்டப்படி பீரே அல்ல, ஹப்போஷுதான். இப்போது மால்ட் எடையில் 5 சதவீதம் வரை அப்படிச் சேர்த்தாலும் பீர் என்றே எழுதலாம். எனவே ஒரு சிற்றாலையின் புட்டியில் ஹப்போஷு என்றிருந்தால் அது மட்டம் என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் அது உரிமத்தின் அளவைத்தான் சொல்கிறது.

இனி, எது அந்த ஊர் பீர் என்ற கேள்வி. லேபிளில் யோகோஹாமா என்று இருப்பது விடையாகாது. எடுத்துக்காட்டாக, சங்க்ட் காலன் என்ற ஆலையின் 'யோகோஹாமா எக்ஸ்பிஏ' நல்ல பீர். ஆனால் காய்ச்சப்படுவது அத்சுகி நகரில். மாநிலம் ஒன்றுதான் என்றாலும் ஊர் வேறு. புட்டியிலோ கேனிலோ பின்பக்கத்தில் தயாரிப்பிடத்தின் முகவரி இருக்கும்; கைபேசிக் கேமராவைக் காட்டினால் மொழிபெயர்த்துவிடும், அதுவே முடிவான சாட்சி. இன்னொரு சொல்லும் உங்களைக் குழப்பும்: 'நாமா'. நேர்ப்பொருள் பச்சை, அதாவது வேகாதது. குழாயிலிருந்து ஊற்றும் பீரைச் சொல்வதாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள். ஜப்பானில் அது சூடேற்றிக் கிருமிநீக்கம் செய்யாத பீரைக் குறிக்கும் என்பதால் கடையில் விற்கும் கேனிலும் அந்த எழுத்து இருக்கும். புதியது என்பதற்கு அது சான்றன்று.

ஊர் பீரைத் தேடச் சொல்வது ஊர்ப்பற்றினால் அன்று. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் எண்ணெய்கள் நாளாக ஆக மங்கும். ஆக்சிஜன் பட்டால் இன்னும் விரைவாக மங்கும். ஹாப்ஸ் மிகுந்த ஐபிஏ வகையில் சாத்துக்குடித் தோலைக் கிள்ளியது போல எழும் வாசனை, சில வாரங்களில் தேன் கலந்த பழைய பாகு போல இறங்கிவிடும். இன்னும் முற்றினால் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனைதான். ஆகவே தெருவுக்கு அந்தப் பக்கம் காய்ச்சி இந்தப் பக்கம் ஊற்றுகிற கடைக்கு, எவ்வளவு புகழ்பெற்ற வெளியூர் பீராலும் ஈடுகொடுக்க முடியாத ஒரு வசதி இருக்கிறது. தண்ணீரையும் சிலர் காரணமாகச் சொல்வார்கள். யோகோஹாமாவின் தண்ணீர் மென்னீர். ஹென்றி ஸ்பென்சர் பால்மர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1887இல் அமைத்துக் கொடுத்த குழாய்நீர்த் திட்டம் ஜப்பானின் முதல் நவீனக் குடிநீர்த் திட்டம். பிற்பாடு யமனாஷி மாநிலத்தின் தோஷி ஆறு இந்த நகரத்துக்கு நீராதாரமாயிற்று. மென்னீர் பில்ஸ்னர் என்ற வெளிர்பொன்னிற வகைக்கு ஒத்துப்போகும் என்பது உண்மை. ஆனால் இன்று எந்த ஆலையும் உப்புச் சேர்த்தோ நீக்கியோ தண்ணீரை வேண்டியபடி மாற்றிக்கொள்ள முடியும் என்பதால், தண்ணீர்தான் சுவையின் ரகசியம் என்று யாராவது சொன்னால் பாதியை நம்புங்கள்.

கன்னாய் நிலையத்தில் இறங்கி நடக்கத் தொடங்கலாம். ஃபுகுதோமிச்சோ பக்கம் யோகோஹாமா பே ப்ரூயிங் 2011இல் தொடங்கியது. பெரிய அளவில் காய்ச்சப் பிறகு அதே நகரின் தொத்சுகா பகுதியில் இன்னோர் ஆலையும் போட்டார்கள். இங்கே முதல் கிளாஸாக 'பே பில்ஸ்னர்' வாங்குங்கள். ஹாப்ஸை வாரிக் கொட்டிய பீரில் சிறு பிழைகள் மறைந்துவிடும்; பில்ஸ்னரில் மறைக்க இடமே இல்லை, ஆகவே ஓர் ஆலையின் கையை அறிய நான் எப்போதும் அதிலிருந்துதான் தொடங்குவேன். ஊற்றுவதைக் கவனியுங்கள்: மேலே இரண்டு மூன்று விரற்கடை உயரத்துக்கு ஈரமான, அடர்ந்த நுரை நிற்கும். காசு கொடுத்தது நுரைக்கா என்று நம்மூர் மனம் கணக்குப் பார்க்கும், நானும் முதல் முறை பார்த்தேன். அந்த நுரைதான் மூடி போல இருந்து காற்றைத் தடுக்கிறது. கசப்பின் முனையை மழுக்குவதும் அதுதான். குடிக்கக் குடிக்கக் கிளாஸின் உட்புறத்தில் நுரை வளையம் வளையமாக ஒட்டிக்கொண்டு வந்தால் கிளாஸைச் சுத்தமாகக் கழுவியிருக்கிறார்கள் என்று பொருள். பக்கச்சுவரில் குமிழிகள் கொத்தாக ஒட்டி நின்றால் எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் பாஷாமிச்சி, குதிரைவண்டிச் சாலை. சுமியோஷிச்சோவில் யோகோஹாமா பீர் நிறுவனத்தின் ஆலை கீழ்த்தளத்திலும் உணவகம் மேல்தளத்திலும் இருக்கின்றன. 1990களின் அலையில் தோன்றி இன்றும் நிற்கும் பெயர் இது. ஜெர்மானிய மரபில் வைட்சன் என்ற கோதுமை பீர், ஆல்ட் என்ற செம்பழுப்பு பீர் என்று காய்ச்சுகிறார்கள். தோஷி ஊற்றுநீரில் செய்த ஒரு பீரும் உண்டு. நீங்கள் வைட்சனைக் கட்டாயம் முகர்ந்து பார்க்க வேண்டும். கனிந்த வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். இரண்டும் சேர்க்கப்பட்டவை அல்ல, கோதுமை கலந்த அந்த மாவூறலில் ஈஸ்ட் தானே உண்டாக்கும் சேர்மங்கள். வகுப்பில் வேதியியல் பெயராக மனப்பாடம் செய்த ஒன்றை மூக்கால் அறிந்த மகிழ்ச்சி எனக்கு இங்கேதான் வாய்த்தது. அதே சாலைப் பகுதியில் பேர்ட் நிறுவனத்தின் மூன்றடுக்கு பாஷாமிச்சி டாப்ரூம் இருக்கிறது. அதன் பீர் இசு தீபகற்பத்து ஷுசென்ஜியில் காய்ச்சப்படுகிறது, ஆகவே கண்டிப்பாகப் பார்த்தால் ஊர் பீர் ஆகாது. ஆனாலும் 'குரோஃபுனே போர்ட்டர்' என்ற கறுப்பு பீர் ஒன்றைக் குடித்துவிட்டுத்தான் நகர்வேன். குரோஃபுனே என்றால் கறுப்புக் கப்பல். அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரியின் கறுப்புக் கப்பல்கள் வந்து, 1854இல் ஒப்பந்தம் கையெழுத்தானது இந்த யோகோஹாமாவில்தான். வறுத்த பார்லியின் அந்தக் கறுப்புக்கு அப்பெயர் பொருந்தத்தான் செய்கிறது. துறைமுக ஓரத்தில் ஹேமர்ஹெட் வளாகத்தில் 2019இல் வந்த நம்பர் நைன் ப்ரூவரியும், யோகோஹாமா நிலையத்துக்கு அருகே த்ராஷ் ஸோனும் ஊர் ஆலைகளே. பின்னது உலோக இசையும் கடுங்கசப்பு பீரும் விரும்புபவர்களுக்கு. அளவோடு குடிப்பவர் என்கிறீர்கள், அங்கே ஆல்கஹால் சதவீதத்தைப் பார்த்து வாங்குங்கள்.

சகுராகிச்சோ நிலையத்துக்கு மறுபுறம் நோகே. நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு குடிக்கடைகள் நெருங்கிய பகுதி. ஓக்கா ஆற்றின் வளைவுக்கேற்ப வளைந்து நிற்கும் மியாக்கோபாஷி இரண்டடுக்குக் கட்டடம், 1964 ஒலிம்பிக்கையொட்டித் தெருவோரக் கடைகளை உள்ளே அடைப்பதற்காகக் கட்டியது. ஐந்தாறு பேர் நின்றால் நிறையும் கடைகள் அவை. இங்கே எல்லாமே கிராஃப்ட் அல்ல, பெரும்பாலான கடைகளில் பெருநிறுவன பீர்தான். ஆனால் ஊர் எப்படிக் குடிக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் ஒரு மாலை இங்கே வரவேண்டும். நான்கு பேருக்கு மேல் கூட்டமாகப் போகாதீர்கள். ஒருவருக்கு ஒரு பானமாவது வாங்குவது எழுதாத விதி.

மொழி பெரிய தடையில்லை. சுவரில் உள்ள கரும்பலகையில் ஒவ்வொரு குழாய்க்கும் எண், பெயர், ஆலை, வகை, ஆல்கஹால் சதவீதம், இரண்டு அளவுகளுக்கான விலை என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். சதவீதமும் விலையும் எண்ணிலேயே இருக்கும். ஆலை இருக்கும் ஊரையும் எழுதும் கடை என்றால், யோகோஹாமா என்ற இரண்டு எழுத்தை, 横浜, படமாக வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் போதும். "யோகோஹாமா நோ பீரு வா?" என்று கேட்டுவிட்டுக் கையைப் பலகைப் பக்கம் நீட்டினால் எண்ணைக் காட்டுவார்கள். பின்னால் "ஸ்மால்" என்று சேர்த்துவிடுங்கள். 'பைண்ட்' என்ற சொல்லை நம்ப வேண்டாம். ஒரு கடையில் அது 473 மில்லி, இன்னொன்றில் 568. என் அனுபவத்தில் பெரிய கிளாஸ் 1,000 யென்னைத் தாண்டும், சிறியது அதில் மூன்றில் இரண்டு பங்கு விலைக்குக் கிடைக்கும். லிட்டர் கணக்கில் பெரியதுதான் மலிவு என்றாலும், மூன்று ஆலைகளை ஒரு மாலையில் அறிய விரும்புபவருக்கு அந்த மலிவு பயன்படாது.

பழுதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் புதிதாகக் குடிப்பவர்கள் பழுதைப் பாணி என்று நினைத்துப் பாராட்டிவிடுகிறார்கள். பில்ஸ்னரில் வெண்ணெய் உருகிய வாசனை கனமாக வந்தால், ஈஸ்ட் வேலையை முடிக்கும் முன்பே பீரை எடுத்துவிட்டார்கள், அல்லது கடைக்குழாயைக் கழுவவில்லை. வேகவைத்த மக்காச்சோளம் மணந்தால் கொதி போதவில்லை. புளிக்கவைக்கும் நோக்கமே இல்லாத பீரில் காடி வாடை அடித்தால் குழாயில் பாக்டீரியா. ஒரு முறை இந்த ஊரிலேயே ஒரு கடையில், ஒரே மாலை மூன்று வெவ்வேறு ஆலைகளின் பீரில் அதே வெண்ணெய் வாசனையைக் கண்டேன். மூன்று ஆலைகள் ஒரே பிழையைச் செய்வதைவிட ஒரு கடை குழாய் கழுவ மறப்பதே நடக்கக்கூடியது என்று எண்ணி, மறுவாரம் அதில் ஒரு பீரை வேறிடத்தில் வாங்கிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. ஆகவே ஒரு கடையில் பிடிக்காத ஆலையை உடனே ஒதுக்கிவிடாதீர்கள். புளிப்பு பீர்களைப் பொறுத்தவரை என் நாக்கை நம்ப வேண்டாம். அவற்றில் எது கருதிச் செய்த புளிப்பு, எது தவறிய புளிப்பு என்று பிரிப்பதில் எனக்கே பலமுறை தடுமாற்றம்.

கேட்காமலே ஒரு சிறு கிண்ணத்தில் ஏதோ தின்பண்டம் வைப்பார்கள். பெயர் 'ஓதோஷி', அது இலவசமன்று, இருக்கைக் கட்டணம் போன்றது. அதில் மீன் இருக்கும் வாய்ப்பு அதிகம், எனவே உட்காரும்போதே சைவம் என்று எழுதிய வாக்கியத்தைக் கைபேசியில் காட்டிவிடுங்கள். எதாமமே என்ற வேகவைத்த பச்சை சோயா மொச்சை, உருளை வறுவல், கடலை வகைகள் பயமின்றிச் சாப்பிடலாம். குளிர்ந்த டோஃபு வாங்கினால் மேலே சூரை மீன் சீவல் தூவித்தான் வரும்; "காத்சுவோபுஷி நாஷி" என்று சொல்ல வேண்டும், சோயா சாற்றிலும் மீன்சாறு கலந்திருக்கலாம். 2020இலிருந்து உணவகங்களில் உள்ளே புகைக்கத் தடை என்றாலும் சிறிய பழைய கடைகளுக்கு விலக்கு உண்டு. புகைக்கு நடுவே ஹாப்ஸ் மணம் எட்டாது. கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டி. வாடகை மிதிவண்டியில் திரும்பலாம் என்று நினைக்காதீர்கள், குடித்துவிட்டு மிதிவண்டி ஓட்டினாலும் தண்டனைதான். 2024 நவம்பர் முதல் அது இன்னும் கடுமையாகியிருக்கிறது.

இலையுதிர் காலத்தில் செங்கல் கிடங்கு வளாகத்தில் அக்டோபர்ஃபெஸ்ட் நடக்கும்; கிளாஸுக்கு முன்பணம் வாங்கித் திருப்பித் தருவார்கள். உற்சாகமான கூட்டம், ஆனால் அங்கே பெரும்பகுதி ஜெர்மானிய பீர், உங்கள் கேள்விக்கு அது விடையாகாது. ஞாயிறு காலை ஓய்வாக இருந்தால் யமாதேக்குப் போங்கள். பழைய ஆலை நின்ற நிலத்தில் கிரின்-என் என்ற சிறு பூங்காவும் அதில் ஒரு நினைவுக்கல்லும் உள்ளன; அருகிலுள்ள தொடக்கப்பள்ளி வளாகத்தில் ஆலை காலத்துக் கிணறு ஒன்று 'பீர் கிணறு' என்ற பெயரோடு இருக்கிறது. கோப்லாண்டும் அதே குன்றில் வெளிநாட்டவர் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கமாகியிருக்கிறார். நமாமுகி ஆலையைப் பார்க்க முன்பதிவு தேவை.

ஊருக்குக் கொண்டுவரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்தியச் சுங்கத்தில் ஒருவருக்கு 2 லிட்டர் வரை விலக்கு, அதாவது 350 மில்லி கேன் ஐந்து. ஐபிஏவை அதில் சேர்க்காதீர்கள். பெட்டியில் ஒரு நாள், சென்னை வெயிலில் ஒரு மணி நேரம் என்றால் மணம் இன்னும் விரைவாக மங்கும். போர்ட்டர், ஸ்டவ்ட் போன்ற கறுப்பு பீர்கள் தாங்கும். பெட்டியின் நடுவில், துணிக்குள் சுற்றி, வந்ததும் குளிர்சாதனப் பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள்.